ஒத்தத் தட்டு

எங்கள் அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. கதவை ஓங்கிச் சாத்தினால் ஆகாது, தட்டு கை தவறி விழுந்தால் ஆகாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைத் தாண்டி எதுவும் வாங்கித் தரமாட்டார். அவர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போகிற வேலை. செருப்பில் இரும்பு ஆணி இருந்தால் அதைக்கூடக் கழற்றி வைத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட மனிதருக்கு, வாழ்நாள் பூராவும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிற மகனாக நான் வந்து வாய்த்தேன்.

அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் சத்தம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "சத்தம் கேட்டுச்சா?" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், இருவரும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து தொழிற்சாலைப் பக்கம் பார்ப்பார்கள். பெரும்பாலும் வெலிங்டன் பக்கம் ராணுவத்துக்காரர்கள் சுட்டுப் பழகுகிற சத்தமாக இருக்கும். இல்லையென்றால் மழைக்கு எங்கோ பாறை உருண்டிருக்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் சாயங்காலச் சங்கு ஊதி ஆண்கள் வீடு திரும்புகிற வரைக்கும் அவர்களுக்கு வேலை ஓடாது.

எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் லீவு. காலி எண்ணெய் டின் ஒன்று கிடைத்தது. அதைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் கவிழ்த்து வைத்து விறகுக் கட்டையால் ஒரே அடி அடித்தேன். தொட்டியிலும் தண்ணீர் இல்லை போலிருக்கிறது, அடித்த சத்தம் உள்ளே போய்ப் பெருத்து வெளியே வந்தது. எனக்கே பயமாகிவிட்டது. குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. எல்லாப் பெண்களும் வெளியே வந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தொழிற்சாலை இருக்கும் திசையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தார். மாவு ஒட்டிய கையோடு முதலில் ஓடி வந்தது அவர்தான்.

அம்மா கடைசியாக என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இனி எதத் தட்டுனாலும் ஒடனே மேல கைய வெச்சுரு சாமி. சத்தம் வெளிய போவக்கூடாது" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் தட்டினேன். வலது கை தட்டும், அடுத்த கணம் இடது கை போய் உட்கார்ந்து சத்தத்தை அமுக்கிவிடும். நாளடைவில் அது நான் செய்வதாகவே தெரியாமல் போய்விட்டது.

பள்ளி பேண்டில் சைடு டிரம் வாசித்தேன். ஊட்டியில் ஒரு சீசனுக்கு ஹோட்டல் பேண்டின் டிரம்ஸ்காரருக்குக் காய்ச்சல் வந்து, என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஜாஸ் என்ற ஒன்று இருப்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கையும் காலும் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டு, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கிற அந்தச் சங்கீதம் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழுக்கள், அங்கிருந்து சென்னை, சினிமா ஒலிப்பதிவு.

"அவனக் கூப்பிடு, எதையும் வாசிப்பான்" என்பதுதான் ஸ்டுடியோக்களில் என் பெயர். டிரம்ஸ், காங்கோ, போங்கோ, தபலா, டோலக், உடுக்கை எல்லாம் வாசித்திருக்கிறேன். குதிரை ஓடச் சிரட்டை தட்டியிருக்கிறேன். மழைக்காக முறத்தில் மிளகைப் புடைத்திருக்கிறேன். ஒலிப்பதிவாளர்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். "உங்க அடி சுத்தமா இருக்கு சார், பக்கத்து மைக்குக்குப் போகவே மாட்டேங்குது" என்பார்கள். அது எங்கிருந்து வந்த சுத்தம் என்று நான் சொன்னதில்லை.

ஜாஸில்தான் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் பெங்களூரில் ஒரு ஹோட்டல் லாபியில் வாசிக்கப் போவேன். பியானோக்காரர், பேஸ்காரர், நான், அவ்வளவுதான். ஜாஸில் சிம்பல் என்ற வெண்கலத் தகட்டைத் தட்டிவிட்டு அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். அது அதிர்ந்துகொண்டே போக, மற்றவர்கள் அதன்மேல் நடப்பார்கள். எனக்கோ கை தானாகப் போய் அமுக்கும். "ஏன்யா, தட்டிட்டு அது கழுத்தப் பிடிக்கிறே?" என்று பியானோக்காரர் கேட்பார். நான் பிரஷ்ஷுக்கு மாறிக்கொண்டேன். மெல்லிய கம்பிகளாலான துடைப்பம் மாதிரி ஒன்று. டிரம் தோலின்மேல் அதைத் தேய்த்தால் வாசல் கூட்டுகிற சத்தம் வரும். அதில் ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை. பிரஷ் வாசிப்பில் எனக்குப் பெயர் கிடைத்தது. எத்தனை நுணுக்கம் என்று மெச்சினார்கள், பயம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ரேடியோவில் நான் வாசித்ததாகச் சொன்ன பாட்டு வந்தால், காதைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "இதுல நீ எங்க கண்ணு?" என்பார். என்னத்தைச் சொல்ல? இருபது வயலினுக்கு அடியில், பாடகரின் குரலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நான் இருப்பேன். "அடியில இருக்கறனுங்கப்பா" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். சத்தமே ஆகாத மனிதர் என் சத்தத்தை மட்டும் இப்படித் தேடுவது எனக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லாதவனுக்கு அந்தக் கேள்வி குத்தும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பாட்டு வந்தது. சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அந்த இடைவெளிக்கு என்ன வைப்பது என்று ஒரு காலைநேரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். என்னைவிட மூத்த ரிதம்காரர் ஒருவர் எழுந்து கேன்டீனுக்குப் போய்ப் பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்தார். மோதிரம் போட்ட விரலால் அதன் வயிற்றில் ஒரே தட்டு. டங் என்று கிளம்பிய அந்த நாதம் நாலு எண்ணிக்கை வரை நின்று, அது கரைகிற இடத்தில் பாடகி சரணத்தை எடுத்தார். ஹாலில் எல்லோரும் சிரித்துவிட்டோம், அவ்வளவு கச்சிதம். எனக்கு அந்தப் பாட்டில் ஷேக்கர் குலுக்குகிற வேலை. அதையும் மிக்ஸிங்கில் எடுத்துவிட்டார்கள். ஆக அந்தப் பாட்டில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அந்தத் தீபாவளிக்கு நான் வீட்டில் இருந்தபோது ரேடியோவில் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா வழக்கம்போல, "இதுல நீ எங்க கண்ணு?" என்றார். குடம் ஒலித்தது. எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ, "அந்த ஒத்தத் தட்டு நான்தானுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா?"

"நான்தானுங்கப்பா."

"செரி" என்றார்.

ஆனால் அம்மா அதற்குள் வெளியே போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். அக்கா லைன் முழுக்கச் சொன்னார். ஊரில் எந்தக் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டாலும், குடம் ஒலிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அம்மா விரலைத் தூக்குவாள். டங். "என்ர பையன்" என்பாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசும். அடுத்த முறை வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அம்மா செத்துப்போகிற வரைக்கும் அந்த அடுத்த முறை வரவில்லை.

அம்மா போன பிறகு அப்பா ஓய்வுக்குப் பின் அருவங்காட்டுக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். தொழிற்சாலைக் குடும்பங்கள் நாலைந்து அங்கே ஒன்றாக இடம் வாங்கியிருந்தன. பக்கத்து வீட்டு அக்காவும் கணவரும் அங்கேயும் பக்கத்து வீடு. நான் சென்னையில் தனி. கல்யாணத்துக்கு நேரம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் என்னைக் கட்டிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதும் உண்மை.

ஒரு கம்பெனிக்காக என்னை வைத்து இரண்டு நாள் ஒலிப்பதிவு செய்தார்கள். பாட்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வாத்தியத்திலும் மெதுவாக ஒரு தட்டு, நடுத்தரமாக ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு. கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு வேண்டிய பாட்டிலெல்லாம் கோத்துக்கொள்வதற்காம். "நாதம் அடங்கற வரைக்கும் கை வெக்காதீங்க சார்" என்று ஒலிப்பதிவு செய்த பையன் கெஞ்சினான். முடிந்தவரை முயன்றேன். பாதிக்கு மேல் கை போய் அமுக்கிவிட்டது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டுடியோவாக என்னைக் கூப்பிடுவது குறைந்து, நின்றும் போனது. நான் வேலைக்குப் போவதில்லை என்று தெரிந்தும் அப்பா போனில், "டிவில புதுப் பாட்டு ஒண்ணு வந்துச்சு. நீ இருக்கறே" என்பார்.

"இல்லீங்கப்பா, நான் இப்பப் போறதேயில்லீங்க."

"இருக்கறே கண்ணு."

வயதாகிவிட்டது, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நானும் ஜெகதளாவுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குன்னூரில் ஒரு ஹோட்டலில் சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும்போது பிரஷ் வாசிக்கிறேன். அந்தப் பிரஷ் சத்தமே அதிகமென்று மேனேஜர் அவ்வப்போது வந்து கையால் சைகை காட்டுவார். அப்பாவுக்கு நான் சோறாக்கிப் போட்டேன், அவர் என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டார். காலையில் பேக்கரிவரை நடந்துபோய் வர்க்கி வாங்கிக்கொண்டு, பழைய சகாக்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவது அவர் பழக்கம்.

போன மார்கழியில் அந்த மூத்த ரிதம்காரரின் பேட்டி ஒன்று போனில் சுற்றியது. கேன்டீனுக்குப் போனது, குடத்தை எடுத்தது, மோதிரத்தால் தட்டியது எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஒரு குடத்தைக் கையில் வைத்துத் தட்டியும் காட்டினார். ஒரு சொல் பொய்யில்லை. தொழிற்சாலை ஓய்வுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வராமல் இருக்காது. அப்பாவின் போனில் வாட்ஸ்அப் இல்லை, ஆனால் பேக்கரியில் எல்லோரிடமும் உண்டு. நான் சொல்வதற்கு முன்னால் அவர் வேறு யார் வாயிலும் கேட்டுவிடக் கூடாது என்று ஸ்வெட்டரைக்கூட மாட்டாமல் பேக்கரிக்கு நடந்தேன்.

பிந்திவிட்டேன். பெஞ்சில் அப்பா, அவருக்கு எதிரே போனை நீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவின் கணவர். குடம் ஒலிக்கிறது. "ஏனுங்க, இவரு நாந்தான் தட்டுனேங்கறாரு. உங்க பையனில்லீங்களா?" என்று கேட்கிறார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா டீயை ஒரு வாய் குடித்தார்.

"ரெண்டு பேருந்தான் சேர்ந்து தட்டுனாங்க. அவரு பெரியவரு, அவரு பேரச் சொல்றாரு. என்ர பையன் வெளிய சொல்லிக்க மாட்டான்."

அப்படிச் சொல்லிவிட்டு வர்க்கியை டீயில் நனைத்தார். என் பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்த அவர் தன் கையால் ஒரு கல்லை எடுத்து வைத்ததைப் பார்த்தேன். இவரை நான் இந்த வயதில் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று நினைத்தபோது, திரும்பி நடந்த வழியெல்லாம் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் பனி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. குன்னூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் மத்தியானம் கஞ்சி நாலு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். இதற்கு மேல் தள்ள முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"அந்தப் பாட்டுல அந்த ஒத்தத் தட்டு, அது நானில்லீங்க."

கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றார்.

"அந்தப் பேட்டியப் பார்த்தீங்களே, அதுலயா?"

"நீ சொன்ன அன்னைக்கே தெரியும். அந்தத் தட்டு போய்க்கிட்டே இருக்குது. நீ தட்டுனா நிக்கும். ஒடனே கைய வெச்சுருவே. டின்னத் தட்டி லைனையே கதிகலங்க வெச்சியே, அதுக்கப்பறம் நீ எதத் தட்டுனாலும் அப்படித்தான்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார்.

"உங்கம்மா அத்தன சந்தோசப்பட்டா. நான் எதுக்கு அதக் கெடுக்கோணும்? அதுல நீ இல்லாட்டி என்ன, மத்ததுல எல்லாம் இருக்கறே. எங்க டக்குனு நிக்குதோ அங்க நீதான். இப்ப வர்ற பாட்டுலயும் இருக்கறேன்னு சொன்னா நீதான் நம்ப மாட்டேங்கறே."

கம்ப்யூட்டருக்குள் போன என் கையை, ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாத அதை, அவர் ஜெகதளாவில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்திருக்கிறார். இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் வாசிப்பை இல்லை, வாசிப்பு நிற்கிற இடத்தை. அடியில் இருக்கறேன் என்று சொல்லி அந்த மனிதரை நான் எத்தனை தடவை எரிச்சலோடு வாயடைக்க வைத்திருக்கிறேன்.

"எங்க பயத்தையெல்லாம் உன்ர கையில ஏத்தி உட்டுட்டோம்" என்றார் அப்பா. "ஊட்டுக்குப் போனதும் அட்டாலில உங்கம்மா குடம் இருக்குது, அத எடுத்து ஒருக்கா தட்டு. கைய வெக்காத. போற வரைக்கும் போகட்டும். நான் கேக்கறேன்."

"செரிங்கப்பா" என்றேன்.

வீட்டுக்கு அவர் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

எடுக்கிற அன்றைக்குத் தப்பட்டைக்காரர்கள் வந்தார்கள். நாலு பேர். ஜெகதளா மேட்டில் நின்று அடித்தால் எதிர் மலையில் அடித்துத் திரும்பி வந்தது. அப்பாவுக்கு ஆகாத சத்தம். நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர்களில் ஒருவரும் கையை வைத்து அமுக்கவில்லை. நான் அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, வீடு வெறிச்சென்று ஆனபின் ஒருநாள் காலையில் வெயில் அடித்தது. அட்டாலிப் பரணில் ஏறிக் குடத்தை எடுத்தேன். கறுத்துப் போயிருந்தது. புளி போட்டு விளக்கினேன். பின்வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்து, படியில் உட்கார்ந்து இரும்புக் கரண்டியால் தட்டினேன். இடது கை பாய்ந்து போய் அமுக்கிவிட்டது. இன்னொரு தடவை, மறுபடி அமுக்கியது. அறுபதை நெருங்குகிற கிழவன் தன் கையோடு சண்டை போடுகிற கோலத்தை நினைத்தால் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. கடைசியில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

போயிற்று. சுவரைத் தாண்டி, தேயிலைச் சரிவில் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. அவர் கேட்கிறேன் என்று சொன்ன தட்டு.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார், கையில் பிழிந்த சேலை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கணவர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகி உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அருவங்காடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, சத்தம் கேட்டுச்சா?"

குடம் இன்னும் முழுக்க அடங்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்றேன். "தட்டுனது நான்தானுங்க."